வண்டி சூடானது அப்பாவால் அல்ல

"இன்னாபா, ஏசி போட்டுக்கினு கோயில் தெருவுல ஊர்ந்துக்கினு போனா இஞ்சின் சூடாவாம இன்னா பண்ணும்? ஓட்டத் தெரிஞ்சி ஓட்டணும்" என்றார் மெக்கானிக்.

அப்பா தலையாட்டினார். "என் தப்புதான்" என்றார்.

மெக்கானிக்குக்கு என்னைவிட நான்கைந்து வயதுதான் கூடுதல் இருக்கும். அப்பாவை நீ, வா, போ என்பார். அப்பா அவரை அவரு, இவரு என்பார். எனக்கு அன்று வந்த கோபம் இன்றுவரை முழுதாக இறங்கவில்லை.

குழித்தறியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து, முப்பது வருடம் கூலிக்கு நெய்ததில் அப்பாவின் முட்டி போய்விட்டது. அதன் பிறகுதான் இந்தப் பழைய காரை வாங்கினார். முகூர்த்தப் புடவை எடுக்க காஞ்சிபுரம் வருகிற கல்யாண வீட்டுக்காரர்களைக் கடைகளுக்கும் கோயில்களுக்கும் அழைத்துப் போவதுதான் பிழைப்பு. ஆட்களை அனுப்புகிறவர் ஒரு ஏஜென்ட். அவர் அனுப்பாவிட்டால் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். அப்பாவால் திரும்பத் தறிக்குள் இறங்க முடியாது.

அந்த மாதம் காரின் தண்ணீர் பம்ப் பழுதானது. மெக்கானிக் பம்பை மாற்றினார். ரேடியேட்டர் விசிறியின் ஒயர் கருகியிருந்ததால் அதையும் வெட்டி, வேறு ஒயர் ஒட்டி, டேப் சுற்றினார். எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு வண்டியைக் கொடுத்தார். மூன்றாவது நாள், பெண் வீட்டார் நான்கு பேர் உள்ளே உட்கார்ந்திருக்க, கோயில் தெருவின் நடுவில் முன்பக்கம் ஆவி கிளம்பியது. கல்யாணப் பெண்ணின் அத்தை புடவைப் பையோடு ரோட்டில் நின்றுகொண்டு ஏஜென்டுக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறார். அன்று சாயங்காலம் ஏஜென்ட் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "பெரியவரே, ஞாயித்துக்கெழமை ஒரு பார்ட்டி வருது. அன்னிக்கும் நின்னுச்சுன்னா உங்க நம்பர அழிச்சிடுவேன்."

அதற்குப் பிறகுதான் ஷெட்டில் அந்த ஏசி உபதேசம். செவிலிமேடு போகிற சாலையில் இருக்கும் அந்த ஷெட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பம் பாடம் நடத்துகிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டு நிற்க வரவில்லை.

"விசிறி சரியா வேலை செய்யுதாண்ணா?" என்று கேட்டேன்.

"சுத்துது பாரும்மா. கண்ணு தெரியல?"

சுற்றத்தான் செய்தது.  அவர் குழாயைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சின்ன வால்வை எடுத்துத் தகர டப்பாவில் போட்டார். தண்ணீர் போதுமான அளவு சூடான பிறகுதான் அதை ரேடியேட்டருக்கு விடுகிற வால்வு அது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு? தண்ணி எப்பவும் ஓடிக்கினே இருக்கட்டும்" என்றார்.

"அது காரணமாத்தான் வெச்சிருக்காங்க" என்றேன்.

"மிஸ்ஸு, போர்டுல எழுதி அழிக்கிற வேலையில்ல இது. கையி கருப்பாவணும்."

வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா என் முழங்கையைத் தொட்டு, "சும்மா இரும்மா" என்றார். சிரித்தவர்களைவிட அந்தத் தொடுதல்தான் என்னை அதிகமாகச் சுட்டது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நானும் அப்பாவும் ஏனாத்தூர் வரை ஓட்டிப் பார்த்தோம். ஏசி போடவே இல்லை. கல்லூரிப் பேருந்துகளின் பின்னால் மெதுவாகப் போகும்போதே சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. அப்பா வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், "நான்தான் கிளட்ச்ச அழுத்திக்கினே ஓட்டுறேனோ" என்றார். அடுத்தவன் செய்த தப்புக்குத் தன்னிடத்தில் காரணம் தேடுகிற மனிதரோடு என்ன பேச?

என் படிப்பும் உடனே கை கொடுக்கவில்லை. தண்ணீருக்குள் காற்றுக் குமிழி அடைத்திருக்கிறது என்று உறுதியாக நம்பினேன். இரவெல்லாம் வீடியோ பார்த்தேன். ரேடியேட்டர் மூடியும் பழுதாக இருக்கலாம் என்று புது மூடி வாங்கி மாட்டினேன். குழாயை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன். சனிக்கிழமை காலை வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டால், முள் பழையபடி ஏறியது. புது மூடியைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது.

அப்படி எரிச்சலோடு வண்டியின் முன்னால் நின்றபோதுதான் முழங்காலில் அனல் அடித்தது. வண்டிக்கு முன்னால் நிற்கிறவள் மேல் ஏன் அனல் அடிக்க வேண்டும்? விசிறி வெளிக்காற்றை உள்ளேதானே இழுக்க வேண்டும்?

தறி நின்ற பிறகும் எங்கள் வீட்டில் யாருடைய துணியை உதறினாலும் பட்டு இழை விழும். என் துப்பட்டாவிலும் ஒரு சிவப்பு இழை ஒட்டியிருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகப் பிணைக்கும்போது அப்பா மின்விசிறி போட விடமாட்டார். எங்கிருந்தாவது காற்று வந்தால் ஒரு இழையைத் தூக்கிப் பிடித்து, எந்த ஜன்னல் என்று கண்டுபிடித்துச் சாத்தச் சொல்வார். சின்ன வயதில் நான் ஓடிப்போய்ச் சாத்திய ஜன்னல்களுக்குக் கணக்கில்லை. அந்தச் சிவப்பு இழையை ரேடியேட்டர் முன்னால் பிடித்தேன். அது உள்ளே போகவில்லை. என் பக்கமாக நீட்டிக்கொண்டு பறந்தது.

"அப்பா, இங்க வா."

அப்பா இழையைத் தன் கையில் வாங்கிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "வெளிய தள்ளுது" என்றார். அடுத்த மூச்சிலேயே, "அவரு தெரிஞ்சிதான் வெச்சிருப்பாரு" என்றார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

ஷெட்டில் இழையை மெக்கானிக்கிடம் நீட்டினேன். "பிடிச்சிப் பாருங்க."

"இன்னா மிஸ்ஸு, புடவை நெய்யப் போறோமா?"

"பிடிங்கண்ணா."

பிடித்தார். இழை அவர் சட்டைப் பக்கம் பறந்தது.  பிறகு வண்டியை அணைத்து, தான் சுற்றிய டேப்பைப் பிரித்து, சிவப்பு ஒயரையும் கருப்பு ஒயரையும் இடம் மாற்றினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி விசிறி ஓடியபோது இழை விரலிலிருந்து நழுவிப் போய் ரேடியேட்டரில் ஒட்டிக்கொண்டது.

"அந்த வால்வையும் மாட்டிடுங்க" என்றேன். டப்பாவில் தேடி எடுத்து மாட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "பொண்ண நல்லா படிக்க வெச்சிருக்கபா."

அப்பா பூரித்துப் போனார். எனக்கோ அறைந்தது போல இருந்தது. பாராட்டு யாருக்கு வேண்டும்?

"ஏஜென்டுக்குப் போன் போட்டு, அன்னிக்கு வண்டி நின்னது யாரால்னு சொல்லுங்க."

"வேணாம்மா, விடும்மா" என்றார் அப்பா.

"அப்பா நம்பரத்தான் அழிக்கப் போறாங்க. உங்க நம்பர இல்ல. போடுங்கண்ணா."

போட்டார். "ஒண்ணுமில்லபா, ஒயரு கொஞ்சம் மாறிப்போச்சி, இப்ப வண்டி சூப்பரா இருக்குது" என்று இழுத்தார்.

"யார் மாத்துனது?" என்று போனுக்குக் கேட்கும்படிக் கேட்டேன்.

"நாந்தாம்பா" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

திரும்பும் வழியெல்லாம் அப்பா திட்டினார். "நாளைக்கும் அவருகிட்டதானே போவணும்? இப்படியா ஒருத்தர நிக்க வெச்சிக் கேக்குறது?" அதே ஷெட்டில் மெக்கானிக் அப்பாவை நிற்க வைத்துக் கேட்டபோது அப்பா பட்டது என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்தேன். கோயில் தெரு நெரிசலில் நிற்பதாகச் சொன்னார்.

"முள்ளு எங்க நிக்குது?"

"பாதியிலதாம்மா."

"ஏசி?"

 அப்பா ரகசியக் குரலில் சொன்னார்: "போடல. கண்ணாடிய எறக்கி விட்டிருக்கேன். பொண்ணோட அம்மா கடை நோட்டீச வெச்சி விசிறிக்கினு வராங்க."

"போடுப்பா."

"சூடாயிடுச்சின்னா?"

"ஆவாது. இழை எந்தப் பக்கம் போச்சுன்னு நீயும்தானே பாத்த? போடு."

கண்ணாடி ஏறுகிற சத்தம் கேட்டது. பின் இருக்கையில் யாரோ "அப்பாடா" என்றார்கள். அப்பா போனை அணைக்க மறந்துவிட்டார். நானும் வைக்கவில்லை. ஹார்ன் சத்தமும் பூக்காரியின் குரலும் மணியோசையும் மாறி மாறி வந்தன. தெரு முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூட அவர் வண்டியை ஓரம் கட்டவில்லை.