இடது பக்க ஸ்பீக்கர்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் நான் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த காலம். கடை கடையாக ஏறி இறங்கி, அலமாரியில் வைக்கும் சிறிய ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்து, எதிரே நடுவில் உட்கார்ந்தேன். இடது பக்கம் மங்கலாகக் கேட்டது. ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். அப்போதும் இடதுதான் மங்கல்.

"கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்!" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து வந்த மனைவி என் இடத்தில் உட்கார்ந்து கேட்டாள். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது. நீங்க அப்படியே திரும்பி உக்காந்து கேளுங்க."

ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அதுவரை கணீரென்று கேட்ட ஸ்பீக்கர் இப்போது மங்கிவிட்டது.

எங்கள் பிரஸ் ஷாப்பில் மெஷின் இரைச்சலுக்குக் காதை அடைக்கத் தரும் இயர் பிளக்கை எல்லோரும் வலது காதில் மட்டும்தான் வைப்போம். சூப்பர்வைசர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று இடது காதைத் திறந்தே விட்டிருந்தோம்.

நான் பழையபடி திரும்பி உட்கார்ந்ததும், மனைவி இடது ஸ்பீக்கரை ஒரு ஸ்டூலில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப?"

"நல்லா கீது" என்றேன். பொய்தான்.

அந்த ஸ்டூல் இன்னும் அங்கேயே இருக்கிறது. அன்றிலிருந்து அவள் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்துதான் பேசுகிறாள். ஏனென்று நான் கேட்டதில்லை.