புகைப்பெட்டிக் கதவில் சந்தனம்

முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் இருந்தேன். ஒரு எஞ்சினையும் ஓர் அங்குலம்கூட நகர்த்தியதில்லை. நான் சாமான் கிடங்குப் பிரிவில் அதிகாரி. பணிமனைக்கு ஒரு போல்ட் வேண்டுமென்றால் யார் கேட்க வேண்டும், யார் சிபாரிசு செய்ய வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும், தேய்ந்த பழைய போல்ட்டை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த விதிகளில் பாதியை எழுதியவனே நான்தான். எழுதிய பிறகு அவற்றை யாரும் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

என் மாமனார் நீராவி எஞ்சின் டிரைவர். பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளையும் ரயில்வேதான் என்று தரகர் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. எந்த ஷெட் என்று கேட்டார். கிடங்கு ஆபீஸ் என்றேன். "ஓ, பேனா ரயில்வேயா?" என்று சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார். பெண்ணைக் கொடுத்தார், ஆனால் அந்தப் பட்டத்தைத் திரும்பப் பெறவில்லை. அவர் போனபின் என் மனைவி அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். வீட்டில் மின்விசிறி நின்றுபோய் நான் ஸ்குரூ டிரைவரைத் தேடினால், "நீங்க விடுங்க, ஆளக் கூப்பிடலாம், பேனாவால திருக முடியாது" என்பாள்.

ஓய்வு பெற்றதும் சின்ன மாதிரி எஞ்சின் கட்ட ஆரம்பித்தது இதற்காகத்தான் என்று சொன்னால் அவள் சிரிப்பாள். ஆனால் இதற்காகத்தான்.

அதற்கான கிட் என்பது இங்கிலாந்திலிருந்து தபாலில் வரும் தட்டையான அட்டைப்பெட்டி. திறந்தால் எஞ்சின் இருக்காது. தாள் போல மெல்லிய பித்தளைத் தகடுகள் சில இருக்கும். அவற்றில் எஞ்சினின் பாகங்கள் எல்லாம் அமிலத்தால் அரித்து வரையப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டி, அராவி, மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். மோட்டாரும் சக்கரமும் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு வழிகாட்டித் தாள். "இப்போது கொதிகலனை உருட்டிப் பொருத்தவும்" என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு எனக்கு ஒரு மழைக்காலம் போயிற்று. செயல்முறை எழுதத் தெரியாதவர்கள் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள் என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் பின்னறைதான் என் பணிமனை. நான் கட்டிய இரண்டாவது எஞ்சினுக்கு மாமனார் கடைசியாக ஓட்டிய வகையைத் தேர்ந்தெடுத்தேன். அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. கரித்தொட்டியோடு சேர்த்தாலும் ஒரு சாண் நீளம்தான். அதில் படி உண்டு, கைப்பிடி உண்டு, எஞ்சின் முகத்திலிருக்கிற புகைப்பெட்டிக் கதவின் கீல்கூட உண்டு. காற்றில் எப்போதும் ஈரமிருக்கிற ஊர் இது. பற்றவைத்த இடத்தை அன்றே கழுவாவிட்டால் பித்தளை பச்சை பூத்துவிடும். கழுவினேன். சாயம் பூசும் முன் மறுபடியும் கழுவினேன். விதிப்படி.

நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு மாதிரி ரயில் சங்கமாக இருக்கிறோம். தலைவர் ஒரு பல் டாக்டர், பெட்டாலிங் ஜெயாக்காரர். அவர் எதையும் கட்டுவதில்லை. ஜப்பானிலிருந்து கட்டி முடித்ததை வாங்கி, பெட்டியிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைப்பார். அது ஓடும். சங்கத்தின் முந்தைய கண்காட்சியில் என் முதல் எஞ்சின் வளைவில் நின்றுவிட்டது. அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"அண்ணே, ஃபினிஷிங் எல்லாம் ரொம்ப அழகு லா. ஆனா இது ஷோகேஸ் எஞ்சின். ஓட வைக்கிறது வேற கை."

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலைதான். இரண்டாவது எஞ்சின் அந்த மனிதர் கண்முன்னால், அதே வளைவில், ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும்.

ஓடவும் செய்தது. பின்னறையில் போட்டிருந்த சின்னத் தண்டவாளத்தில், நத்தை வேகத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல் போய் நின்று, திரும்பி வந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே மனைவி தானாக வந்து வாசலில் நின்றாள். இரண்டு தடவை போய் வருவதைப் பார்த்தாள்.

"ஓடுதே," என்றாள்.

நாற்பது வருட இல்லறத்தில் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த மிக நீளமான பாராட்டு அது.

கண்காட்சிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் மகனுக்குக் காப்பார் ஊரில் லோரி யார்டு. வருடா வருடம் லோரிகளுக்கெல்லாம் மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, லோரியை ஏற்றி நசுக்குவார்கள். நாங்களும் போனோம். எஞ்சினைப் பெட்டியில் வைத்துக் கார் பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கொண்டுபோனது மனைவிதான். வீட்டில் தனியாக விட்டால் எறும்பு வரும் என்றாள். பித்தளையை எந்த எறும்பு தின்னும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பூசாரி ஒவ்வொரு லோரியாக முடித்துக்கொண்டு வந்தார். கடைசி லோரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மேசை போட்டு, மேலே வாழையிலை விரித்திருந்தது. இலையில் என் எஞ்சின்.

"என்ன இது?" என்றேன்.

"அப்பா காலத்துல ஷெட்டுல ஒரு எஞ்சின் பாக்கி இல்லாம பூஜை போடுவாங்க," என்றாள் மனைவி. "பூஜை போடாத எஞ்சின அப்பா தொடவே மாட்டாரு. நாளைக்கு நாலு பேரு முன்னால ஓடப் போகுது. சும்மா அனுப்ப முடியுமா?"

"சாயம் கெட்டுப்போகும்."

"ஒரு பொட்டுதானே பா, வைக்கட்டும் லா," என்றான் மகன். டிரைவர்கள் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அங்கிள், உங்க எஞ்சினுக்கு எத்தன டன் பெர்மிட்?" என்றான் ஒருவன். இன்னொருவன், "பார்க்கிங் பிரச்சினையே இல்ல, பாக்கெட்ல போட்டுக்கலாம்," என்றான்.

அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி கையிலிருந்து பொம்மையைப் பிடுங்குகிற கிழவனாக நிற்க எனக்கு விருப்பமில்லை. பூசாரி சுண்டுவிரல் நுனியால் புகைப்பெட்டிக் கதவில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார். உண்மையைச் சொன்னால் கை நடுங்காமல் நேர்த்தியாகத்தான் வைத்தார். பிறகு எலுமிச்சம்பழத்தை எடுத்தவர் எஞ்சினையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மகன் ஓடிப்போய் லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சை ஒன்றைக் கொண்டுவந்தான். அதுவும் எஞ்சினின் பெரிய சக்கரத்தைவிடப் பெரிது. அசல் எஞ்சின் கணக்கில் ஆளை விழுங்கும் பூசணிக்காய். பூசாரி அதில் ஒரு கீற்று நறுக்கிச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்.

"யாரு ஏத்துறது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் மனைவி. "நான் எஞ்சின் டிரைவர் மக."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி எஞ்சினில் மோட்டாரின் அச்சில் ஒரு திருகு இருக்கும். அது ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரம் பெரிய சக்கரங்களைச் சுழற்றும். உத்தரவு மேலிருந்து கீழேதான் போகும். கீழே சக்கரத்தைத் தள்ளி மேலே மோட்டாரை அசைக்க முடியாது. அரசாங்க இலாகா மாதிரி. பலவந்தமாகத் தள்ளினால் நடுவில் இருப்பது உடையும்.

இதை நான் அவளுக்கு முறையாக விளக்கத் தொடங்கினேன். "தள்ளாதே. அது மோட்டாரில்தான் நகரும், ஏனென்றால்" என்ற இடத்தில் நான் இருந்தபோது அவள் தள்ளினாள். நகரவில்லை. "பழம் நசுங்கணும்மா," என்றார் பூசாரி. அவள் இன்னொரு கையையும் வைத்து நன்றாக அழுத்தித் தள்ளினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். பழம் நசுங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். மோட்டார் உள்ளே ரீங்கரித்தது. சக்கரம் அசையவில்லை. பல்சக்கரத்தில் பற்கள் போயிருந்தன. புதியது இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். கண்காட்சியோ மறுநாள் காலை. சந்தனத்தையாவது துடைக்கலாம் என்று ஈரத்துணியை எடுத்தேன்.

"சாமி பொட்டு. அழிக்காதீங்க," என்றாள்.

எஞ்சின் ஓடவில்லை என்று சொன்னேன். "காலைல சரியாயிடும். சூடு ஆறட்டும்," என்றாள். அவள் அப்பாவின் எஞ்சின்கள் அப்படித்தான் சரியாகியிருக்க வேண்டும்.

நிகழ்ச்சி நிரலில் பெயர் இருந்தது. போகாமல் இருக்க முடியாது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டேவான் மண்டபத்தில் மேசைகளை வளையமாகப் போட்டுத் தண்டவாளம் அமைத்திருந்தார்கள். டாக்டரின் ஜப்பான் எஞ்சின் அதில் சுற்றிக்கொண்டிருந்தது. என் முறை வந்ததும் அவர் கையைக் காட்டினார். "வாங்க அண்ணே, டிராக் உங்களுக்குத்தான்."

"இன்று ஓட்டவில்லை," என்றேன். காரணம் சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒரு பல் டாக்டருக்கு விளக்குவதைவிடத் தோற்பது கௌரவம். ஓரத்து மேசையில் வைத்தேன்.

கூட்டம் ஓரத்துக்கு வந்துவிட்டது. தண்டவாளத்தில் சுற்றியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அந்தச் சந்தனப் பொட்டுதான் வேண்டியிருந்தது. போன்களை நீட்டினார்கள். கிள்ளானிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் கண் கலங்கி, "எங்க அப்பா ஷெட்டுல பூஜ அன்னிக்கு எஞ்சின் அப்படியே இப்படித்தான் நிக்கும்," என்றார். கீல்களையும் படிகளையும் யாரும் கேட்கவில்லை. ஓடுமா என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, இந்தப் பொட்டு ஐடியா யாரோடது? சூப்பர் லா. நான் அன்னிக்கே சொன்னேன்ல, உங்களுக்கு இந்த லைன்தான் சரி."

சாயங்காலம் அவர் கையாலேயே கோப்பை கொடுத்தார். சிறந்த நிலைக்காட்சி. ஓடாதவற்றுக்குத் தரும் பரிசு. மேடையில் என் தோளில் கை போட்டு, "ஓடுறது ஓடாதது முக்கியமில்ல, ஹார்ட்தான் முக்கியம்," என்று மைக்கில் சொன்னார். மனைவி முன் வரிசையில் கைதட்டினாள்.

திரும்பும்போது கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கார் ஓட்டிய மகனிடம் சொன்னாள்: "பூஜ போட்டது வீண் போகல பாத்தியா?"

எஞ்சின் இப்போது வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பழுது நீக்கும் முறை எனக்கு வரிசையாகத் தெரியும். அடிமூடித் திருகு, இணைப்புத் தண்டு, அச்சு, பல்சக்கரம். இன்னும் ஒரு திருகைக்கூடத் தளர்த்தவில்லை. புதுப் பல்சக்கரத்துக்கு எழுதவுமில்லை. யாருக்கு ஓட்டிக் காட்ட? டாக்டர் தீர்ப்பு எழுதிக் கோப்பையும் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்களில் எப்போதாவது ஒருவர் கேட்பார், இது ஓடுமா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொள்வாள்.

"ஓடாம? நான் பாத்தேனே. அங்கயும் இங்கயும் ரெண்டு தடவ போச்சு. அவர் கட்டினது."

அது உண்மைதான். என் எஞ்சின் ஓடியதற்கு உலகத்தில் ஒரே சாட்சி இருக்கிறது, அதை உடைத்தவள்.