கடைசிக் கட்டத்தில் மூன்று

அப்பாவின் அக்கா எங்களோடு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டில்தான் இருந்தாள். கணவர் இறந்த பிறகு சில வருடங்கள் கொழுந்து கிள்ளினாள். பிறகு அதை விட்டுவிட்டு ஒரு சின்ன கிறிஸ்தவ மிஷனில் ஊழியத்துக்குச் சேர்ந்தாள். அப்போது நான் பிறந்திருக்கவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சனிக்கிழமை காலை என்றால் அத்தை வெள்ளைச் சேலை கட்டி, மிஷன் கொடுத்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூணாறிலிருந்து வட்டவடைக்குப் போகும் ஜீப்புக்காக ரோட்டோரம் நிற்பாள். கேரட் மூட்டை ஏற்றிவரப் போகும் ஜீப்புகள் அவை. போகும்போது பெரும்பாலும் காலியாகப் போகும்.

அங்கே இறங்கி, படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு நடுவே ஏழெட்டு வீடுகளுக்கு நடப்பாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கொள்வாள். பஞ்சாயத்திலிருந்து வந்த காகிதத்தைப் படித்துச் சொல்லுவாள். எழுந்திருக்கும் முன் "ஜெபிக்கட்டுமா மதினி?" என்று கேட்பாள். சரி என்றால் ஜெபிப்பாள். வேண்டாம் என்றால், "சரி, அடுத்த வாரம் வாரேன்" என்று கிளம்பிவிடுவாள். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். ஊழியத்தின் மேல் ஆசையால் அல்ல. பிடுங்கிய கேரட்டை ஓடுகிற தண்ணீரில் அலசி அப்படியே கையில் தருவார்கள், அதற்காக.

அவள் போகும் வீடுகளில் கடைசி வீடு ஒரு பூண்டு விவசாயியுடையது. சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போனவர். அவருக்கும் அத்தைக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. முதலில் அவருக்கு நேற்றைய பேப்பர் வாசிக்க வேண்டும், குறிப்பாக சந்தையில் பூண்டு விலை. பிறகு அவள் வேதத்திலிருந்து ஓர் அதிகாரம் வாசித்துக்கொள்ளலாம். அவர் கவனமாகக் கேட்பார், கேட்டுவிட்டுச் சண்டைக்கு வருவார். ஒருமுறை இயேசு சொன்ன விதைக்கிறவன் கதையை வாசித்து முடித்ததும், "பாறை மேலயும் முள்ளுலயும் வெதைய வீசுறவன் என்ன வெவசாயி? வெதப்பூண்டு என்ன வெல விக்கிதுன்னு உங்க ஆண்டவருக்குத் தெரியுமா தங்கச்சி?" என்றார். "கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள் அத்தை. அவருடைய மனைவி பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் வேகவைத்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைப்பார். நாங்கள் கிளம்பும்போது பூண்டுக்காரர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்குச் சாமி இருக்கு."

மாதக் கடைசியில் மிஷனுக்கு ஒரு தாள் அனுப்ப வேண்டும். அச்சடித்த கட்டங்கள். சந்தித்த வீடுகள், கொடுத்த கைப்பிரதிகள், ஜெபித்த நோயாளிகள் என்று போய், கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'புதிய ஆத்துமாக்கள்' என்றிருக்கும், அதாவது அந்த மாதம் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள். கொழுந்து கிள்ளி விரல் நுனிகள் வெடித்துப்போனதில் அத்தைக்குப் பேனா சரியாகப் பிடிக்க வராது. நான் ஐந்தாம் வகுப்பு. என் கையெழுத்துக்கு டீச்சர் நட்சத்திரம் போடுவார். அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடைசிக் கட்டம் வந்ததும், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "இல்லைன்னு போடு" என்பாள்.

அந்த வருடம் மலைக்குக் கீழே நடந்த ஊழியர் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். மேடையில் ஒவ்வொருவராகப் பெயர் வாசித்து, அவரவர் கொண்டுவந்த ஆத்துமாக்கள் எத்தனை என்று சொல்லி, சால்வை போட்டார்கள். இருபது, முப்பது என்று வாசித்தார்கள். அத்தையின் பெயர் வரவேயில்லை. அவள் எல்லோருக்கும் கைதட்டினாள். பெயர் வராததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் கைதட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை. மதியம் பிரியாணி போட்டார்கள். அந்தக் கோபத்தில் நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. ஃபேக்டரியிலிருந்து வந்த அப்பா வாசலில் நின்றபடியே அதை வாசித்தார். பலன் காணாத களங்களை வருட முடிவில் மூடிவிடுவதைப் பற்றி ஜெபத்தோடு யோசித்துவருவதாக எழுதியிருந்தது.

"எக்கா, பதினோரு வருசமா நடக்க. ஒரு ஆளு வரல. அவங்க கேக்கதுலயும் நியாயம் இருக்குல்லா?" என்றார் அப்பா.

"இருக்கு தம்பி."

"அப்பம் என்ன செய்யப் போற?"

"சனிக்கிழம போணும்" என்றாள் அத்தை, கேட்டது அது இல்லை என்று தெரியாதவள் போல.

அடுத்த மாதத் தாளை எழுத உட்கார்ந்தபோது நான் முடிவெடுத்திருந்தேன். அத்தை வழக்கம் போல "இல்லைன்னு போடு" என்றாள். நான் 3 என்று போட்டேன். ஒன்று என்றால் பரிதாபமாக இருக்கும், பத்து என்றால் நம்ப மாட்டார்கள் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்த எண் அது. கவருக்குள் வைத்து சோற்றுப் பருக்கையால் ஒட்டி, நானே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். ஊழியத்தைக் காப்பாற்றிய பெருமையில் அன்று நன்றாகப் படித்தேன்.

பதில் ஒரு வியாழக்கிழமை வந்தது. மூன்று ஆத்துமாக்களுக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிப்பதாகவும், மிஷன் தலைவர் ஐயா வரும் சனிக்கிழமை பத்திரிகைக்குப் படம் எடுக்க ஆளோடு வருவதாகவும், அந்த மூன்று பேரின் சாட்சியையும் நேரில் கேட்க விரும்புவதாகவும் எழுதியிருந்தது. அத்தை அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இங்க வா. போன மாசம் கடைசிக் கட்டத்துல என்ன போட்ட?"

"மூணு."

"நான் என்ன சொன்னேன்?"

"இல்லைன்னு."

கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். "யாரு அந்த மூணு பேரு?" என்று கேட்டாள்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. "பூண்டுக்காரரு, அவங்க வீட்டம்மா..." என்று இழுத்தேன். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. அழுகை வந்தது. "உன்ன நிறுத்திருவாங்கல்லா அத்தே" என்றேன்.

"நிறுத்தட்டும். ஆனா அது நம்பரு இல்லட்டி. ஆளு. அவங்களக் கேக்காம அவங்கள எழுதக் கூடாது."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து, கடைக்குப் போய் மிஷன் ஆபீசுக்குப் போன் செய்தாள். ஐயா ஏற்கெனவே கிளம்பிவிட்டார், வழியில் ஊர் ஊராகக் கூட்டம் முடித்து நேராக வட்டவடைக்குத்தான் வருவார் என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை முதல் ஜீப்பிலேயே போனோம். நேராகப் பூண்டுக்காரர் வீட்டுக்குப் போய் அத்தை நடந்ததைச் சொன்னாள். யார் எழுதியது என்று சொல்லவில்லை. தாளில் தப்பாகப் போய்விட்டது, கேட்க ஆள் வருகிறார்கள், வந்தால் சங்கடப்படக் கூடாது என்றாள்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "இதுக்கா இப்படி மூச்சு வாங்குது? நான் நம்பிட்டேன்னு சொல்லிப்புடுறேன். என் பொஞ்சாதியும் சொல்லுவா. மூணாவதுக்கு பக்கத்து வீட்டுக்காரனக் கூப்பிடுறேன், ஒரு சாயாவுக்குச் சொல்லுவான்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. எல்லாம் ஒரே வார்த்தையில் முடிகிற காரியம்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"உனக்காகத்தான தாயி."

"எனக்காகச் சொல்லக் கூடாது. நீங்க எனக்காகச் சொன்னா, நான் இத்தன வருசம் எனக்காகத்தான் வாசிச்சேன்னு ஆயிரும்."

எனக்கு அத்தையின் மேல் கோபமாக வந்தது. பெரியவர்கள் சில சமயம் வேண்டுமென்றே காரியத்தைக் கெடுப்பார்கள் என்று அப்போது நினைத்தேன்.

ஐயா பதினொரு மணிவாக்கில் வந்தார். வெள்ளைச் சட்டை, வயலில் இறங்கியதில் முழங்கால்வரை சேறு. கூட இரண்டு பேர், ஒருவர் கழுத்தில் கேமரா. "சகோதரி, ஸ்தோத்திரம்" என்று சிரித்த முகமாக வந்தவரிடம், அவர் உட்காருவதற்குள்ளேயே அத்தை சொல்லிவிட்டாள்.

"ஐயா, தாள்ல வந்தது தப்பு. மூணு பேரு இல்ல. ஒருத்தரும் இல்ல. என் பேருல வந்த தாளு, அதனால தப்பு என்னுது."

நான் பூண்டுக்காரரின் மனைவிக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாய் திறக்கவில்லை. அந்தம்மா என்ன நினைத்தாரோ, சூடான கிழங்கு ஒன்றை என் கையில் வைத்தார்.

ஐயா ஒரு மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "வர்ற வழியில மூணு சபையில இதை வாசிச்சுட்டேன்மா. ஜனங்க எழுந்து நின்னு ஸ்தோத்திரம் சொன்னாங்க" என்றார்.

"அங்க போயும் தப்புன்னு சொல்லிருங்கய்யா."

"அது அவ்வளவு சுலபமில்லம்மா" என்றார் அவர், நெற்றியைத் தடவிக்கொண்டே.

அப்போது பூண்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, யாருமில்லேன்னு தங்கச்சி சொல்லுது. ஆனா நான் நம்புறேன்யா" என்றார்.

"அண்ணாச்சி" என்றாள் அத்தை. அவ்வளவுதான் சொன்னாள்.

ஐயா நிமிர்ந்து பார்த்தார். "யாரை நம்புறீங்க?"

பூண்டுக்காரர் பார்வையில்லாத கண்களை ஐயா இருந்த பக்கம் திருப்பினார். பொய் சொல்லலாமா வேண்டாமா என்று அவருக்குள் நடந்தது முகத்தில் தெரிந்தது. கடைசியில், "இந்தப் பொம்பளைய நம்புறேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. கேமராக்காரர் மட்டும், வந்ததற்கு ஏதாவது எடுக்க வேண்டுமே என்று, உத்தரத்தில் தொங்கிய பூண்டுக் கட்டுகளைப் படம் எடுத்தார். ஐயா சாயாவை முழுவதும் குடித்துவிட்டு, எல்லோருக்காகவும் சுருக்கமாக ஜெபித்துவிட்டு, வந்த வழியே ஏறிப்போனார்.

களத்தை மூடிய கடிதம் வருட முடிவுவரை காத்திருக்கவில்லை; அந்த மாதமே வந்தது. அத்தை துணிப்பையைத் துவைத்து மடித்து, மீதியிருந்த கைப்பிரதிகளோடு பார்சல் செய்து அனுப்பினாள். எஸ்டேட்டில் தற்காலிக ஆளாகப் பெயர் கொடுத்து, மறுபடியும் கொழுந்து கிள்ளப் போனாள். சூப்பர்வைசரிடம் சனிக்கிழமை மட்டும் வர முடியாது என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டாள். அந்த வாரச் சனிக்கிழமை வேதத்தை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள். எனக்குக் குழப்பமாக இருந்தது. "இனி தாளு அனுப்ப வேண்டாம்லா, பிறகு எதுக்குப் போற?" என்று கேட்டேன். "அவருக்கு யாரு பேப்பர் வாசிப்பா?" என்றாள்.

அதன் பிறகும் பல வருடங்கள் போனாள். நான் நர்சிங் படிக்கப் பாலக்காட்டுக்கு வந்த பிறகும் போனாள். பூண்டுக்காரர் இறந்தபோது அவர்கள் முறைப்படி எல்லாம் நடந்தது. அத்தை முற்றத்தில் பெண்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். கடைசியில் அவர் நம்பினாரா என்று ஒருமுறை கேட்டேன். "நான் கேக்கல" என்றாள். முழங்கால் முற்றிலும் போன பிறகு, சனிக்கிழமை காலையில் அவருடைய மனைவிக்குப் போன் செய்து ஓர் அதிகாரம் வாசிப்பாள். அந்தம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பருகே வைத்திருப்பார். குக்கர் விசில் அடித்தால் அத்தை நிறுத்தி, அது அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். லீவில் வந்திருந்தபோது நான் இதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமையும் வாசித்திருக்கிறாள்.

நான் சொல்ல நினைத்தது, மிஷன் பையில்லாமல் போன அந்த முதல் சனிக்கிழமையைப் பற்றி. திரும்பும் ஜீப்பில் கேரட் மூட்டைகளுக்கு நடுவே நானும் அத்தையும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். வாரம் முழுக்கக் கொழுந்து கிள்ளியிருந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஜீப் சோலைக் காட்டுக்குள் நுழைந்தபோது அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து நான் அசையாமல் இருந்தேன். தூங்கவில்லை. "முடியலட்டி" என்று மெதுவாகச் சொன்னாள். "என்னால முடியல."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம், "அத்தை இனிமே போக மாட்டா. அவளே சொல்லிட்டா" என்றேன். அம்மா பெருமூச்சு விட்டாள். அப்பா, நல்லது என்பது போலத் தலையாட்டினார். ஒரு வாரம் அப்படியே போனது. சனிக்கிழமை காலை நான் கண் விழித்தபோது, அத்தை சுவரில் மாட்டிய சின்னக் கண்ணாடியின் முன் நின்று வெள்ளைச் சேலையின் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை என்று சொன்ன ஆள் எப்படிக் கிளம்ப முடியும் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். ஆனால் அத்தை பொய் சொல்ல மாட்டாள். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகும் நான் அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.