பஸ்ஸை நிறுத்திய படம்

போன வாரம் சென்னையில் ஒரு ஆர்ட் கேலரிக்குப் போயிருந்தேன். தெரு ஓவியக் கண்காட்சி. தெருவில் இருக்க வேண்டியதை ஏன் ஏ.சி. அறைக்குள் மாட்டுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நானே அந்தக் கேள்வியோடுதான், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் தயங்கிக்கொண்டு நின்றேன்.

உள்ளே எல்லாம் வெள்ளைச் சுவர்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. கடை ஷட்டரில் வரைந்த மீன், தண்ணீர் டிரம்மில் வரைந்த கண்கள், துருப்பிடித்த விளம்பரத் தகரத்தில் ஒரு காக்கா... ஒவ்வொன்றின் முன்னாலும் யாராவது கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். படம் புரிய வேண்டுமானால் கழுத்தைச் சாய்க்க வேண்டும் போலிருக்கிறது. நானும் சாய்த்துப் பார்த்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கடைசி அறையில் செல்வராணி நின்றுகொண்டிருந்தாள்.

அதாவது, செல்வராணியின் படம். பிளைவுட் பலகையில், ஆளைவிடப் பெரிதாக. பிரவுன் ஸ்வெட்டர், தலையைச் சுற்றித் துண்டு, கையில் வயர் கூடை. பார்வை மட்டும் ஒரு பக்கமாக, எதையோ எதிர்பார்த்து. பலகையின் ஓரமெல்லாம் பாசி. கீழே சேறு தெறித்த புள்ளிகள். அந்தச் சேற்றைக் காட்டி ஒரு இளைஞர் தன் தோழியிடம், இது காலத்தின் சுவடு என்றார். இந்தப் பெண் விடுதலைக்காகக் காத்திருக்கிறாள் என்றார் தோழி.

இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்து அவள் காத்திருந்தது டவுன் பஸ்ஸுக்கு!

நான் குடியிருப்பது கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். செல்வராணியின் வீடு எங்கள் வீட்டுக்கு மேலே, ரோடு வளைகிற இடத்தில். அவளுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். அதனால் அந்த வீட்டில் இன்றும் டீ கிடையாது, தேத்தண்ணிதான். கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை பார்க்கிறாள். காலை டிபன் அவள் பொறுப்பு. அந்தச் சம்பளத்தில்தான் மகள் மதுரையில் நர்ஸிங் படிக்கிறாள்.

வேலைக்கு முதல் பஸ்ஸில் போயாக வேண்டும். அங்கேதான் வம்பு.

அந்த வளைவில் விடியற்காலையில் மேகம் ரோட்டிலேயே படுத்துக் கிடக்கும். எழுந்திருக்க மனமில்லாத மாதிரி. மரம் தெரியாது, மைல்கல் தெரியாது. நம் கையை நாம் நீட்டினால், விரல் நுனி யாருடையதோ போலத் தெரியும். அந்த வெண்மைக்குள் ஒற்றை ஆளாக ஒருத்தி நின்றால் டிரைவருக்கு எப்படித் தெரியும்? ஷெல்டர் கிடையாது, விளக்கு கிடையாது. செல்போன் டார்ச்சை ஆட்டுவாள். பஸ் தாண்டிப் போன பிறகுதான் கண்டக்டருக்கு ஏதோ மினுங்கியது மாதிரி இருக்கும். ஏற்றத்தில் போன பஸ்ஸைத் திருப்பவா முடியும்?

இப்படியே பல நாள் லேட். இன்னொரு தடவை லேட்டானால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று ஹோட்டல் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தாரிணி வந்தாள். சென்னைப் பெண். தெருவில் படம் வரைகிறவள். ஜீன்ஸ் முழுக்கப் பெயின்ட். அவளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது: பலகையில் வரைந்து தெருவிலேயே நிறுத்திவிடுவாள். வெயில், மழை, மாடு, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் – எல்லோரும் அவரவர் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்த பிறகு எடுத்துப் போய்க் கேலரியில் வைப்பாள். தெருவும் கூடச் சேர்ந்து வரைய வேண்டுமாம். கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பஸ்ஸுக்கு நின்ற செல்வராணியைப் பார்த்தாள், வரைந்தாள், அவள் நிற்கிற அதே இடத்தில் இரண்டு கம்பு நட்டு நிறுத்தினாள்.

மறுநாள் காலை நானும் அந்தப் பஸ்ஸில் இருந்தேன். பாதித் தூக்கம். ஜன்னலுக்கு வெளியே பூமியே இல்லை. திடீரென்று பிரேக்! ஹெட்லைட் பட்டு எனாமல் பெயின்ட் மினுங்கியதில், பனிக்குள் பெரிதாக ஓர் உருவம். கண்டக்டர் கதவைத் திறந்து, "ஏறும்மா, வெரசா ஏறும்மா" என்கிறார். உருவம் அசையவில்லை. அவர் மறுபடியும் கூப்பிடுகிறார். அதற்குள், படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த அசல் செல்வராணி கூடையோடு ஏறிவிட்டாள். கண்டக்டர் அவளைப் பார்த்தார், வெளியே பார்த்தார். பிறகு இரண்டு பேரா, ஒரு ஆளா என்று கேட்டார்.

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து பஸ் தினமும் நின்றது. படம் என்று டிரைவருக்கு ஓரிரு நாளிலேயே தெரிந்திருக்கும். இருந்தாலும் நின்றது. செல்வராணியின் வேலையும் நிலைத்தது. ஒருநாள்கூட லேட் இல்லை.

மழைக்காலம் முடிந்து தாரிணி ஒரு மினி வேனோடு வந்தாள். கண்காட்சி நெருங்கிவிட்டது. அவள் தனியாக வைக்கும் முதல் கண்காட்சி. நடுநாயகமாக வைக்கப்போவது இந்தப் படத்தைத்தான். பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பாசி அழகாகப் பிடித்திருக்கிறதாம்.

 எடுத்துப் போகட்டுமா என்று தாரிணி கேட்ட பிறகுதான் செல்வராணி சொன்னாள்.

"கொண்டு போ புள்ள. படம்னா நாலு பேரு பாக்கணும். ஆனா நாளைக்குப் பனியில என்னைய யாரு பாப்பா?"

தாரிணி அப்படியே ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இது தெரியாது. அவள் வரைந்தது ஒரு முகம். அது ஒரு வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? படத்தை விட்டுவிட்டே போகிறேன் என்றாள். வேன் டிரைவரோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

செல்வராணி என்ன செய்தாள் தெரியுமா? பலகையின் ஒரு முனையைத் தானே தூக்கினாள்.

"எனக்கு அடுப்படி சோலி. ஒனக்கு இது சோலி. ஏத்து" என்றாள்.

இரண்டு பேரும் ஏற்றினார்கள். வேன் கிளம்பியது. தாரிணி போகவில்லை. அன்று இரவு அவள் என் வீட்டில் தங்கினாள், சாப்பிடவில்லை. 

மறுநாள் வெள்ளனே நாங்களும் போய்ச் செல்வராணியோடு நின்றோம். கம்பு நட்ட குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. அன்றைக்கென்று பனி அப்படி! ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. செல்வராணி டார்ச்சை ஆட்டினாள். வெளிச்சம் கை நீளத்தைத் தாண்டவில்லை. மூன்று பேரும் கனவுக்குள் நின்றுகொண்டிருப்பது போலிருந்தது. யாருடைய கனவு என்றுதான் தெரியவில்லை.

கீழே எங்கேயோ கியர் மாற்றும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மிக அருகில் மஞ்சளாக இரண்டு வட்டங்கள்... கடந்து போகப் போகிறது என்றே நினைத்தேன். தாரிணி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பஸ் நின்றது. மிகச் சரியாக, கம்பு நட்ட குழிகளுக்கு நேராக.

செல்வராணி ஏறினாள். நான் டிரைவர் ஜன்னலுக்கு ஓடினேன். பழனிக்காரர், நல்ல மனிதர். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். டார்ச் தெரிந்ததா?

"ஒண்ணுமே தெரியலைங்க. படத்தையும் காணோம். ஆனா இந்த எடத்துல அந்தக்கா நிக்கும்ல? நிறுத்திப் பாக்காம எப்படிங்க போறது?"

பஸ் கிளம்பி வெண்மைக்குள் கரைந்தது. தாரிணி அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், விடுங்கள்.

நல்ல படம் எது என்று அந்தக் கேலரியில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை. கழற்றிக் கொண்டு போன பிறகும் அந்த இடத்தில் பஸ் நின்றால், அது நல்ல படம்.