வால்வு செட்டை அளந்த வாரம்

என் அண்ணன் அந்த வால்வு ஆம்ப்ளிபயரைப் போர்வையில் சுற்றி, ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் வழியாக இரண்டு பஸ் மாறி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். அப்போது நான் விருதுநகருக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை மதியம், மாணவர்கள் போய்விட்டிருந்தார்கள். உள்ளே வந்தவர் செட்டை மேஜையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

"சாப்பிட்டீகளாண்ணே?"

"அதெல்லாம் ஆச்சு தாயி. மொதல்ல இதப் பாரு. எடது பக்கம் சத்தம் கம்மியா வருது. பாட்டுல ஜால்ரா இருக்கும்ல, அது வரவே இல்ல. பெறகு எந்நேரமும் கொய்ங்குன்னு ஒரு சத்தம். கம்பெனிக்காரனுக்கு எழுதிப் போட்டேன். செட்டுல ஒரு கொறையும் இல்லன்னு பதில் போட்டிருக்கான். நீ உன் மிஷின்ல வச்சு அளந்து எழுதிக் குடு. அவன் மூஞ்சில அடிக்கிற மாதிரி எழுது."

அண்ணன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். பாட்டு என்றால் உயிர். கல்யாணமான புதிதில் மதினியிடம் நகைக்கு முன்னால் டேப் ரிக்கார்டரைத்தான் காட்டினாராம். கடைசி மூன்று வருடத்தில் இது அவர் வாங்கிய மூன்றாவது செட். முதல் இரண்டையும் 'சத்தம் அடைச்சுக்கிட்டு வருது' என்று கொடுத்துவிட்டார். வால்வு செட்டில் சத்தம் தெளிவாக வரும் என்று சிவகாசியில் ஒரு கடைக்காரர் சொல்ல, கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி செய்கிற மலிவான செட் ஒன்றை ஆர்டர் கொடுத்து வரவழைத்தார். ஒரு பக்கத்துக்கு இரண்டாக நான்கு பெரிய வால்வுகள், முன்னால் இரண்டு சின்னவை. சுவிட்சைப் போட்டால் அரை நிமிடம் கழித்து மெல்லச் சிவக்கும்.

"ஒரு வாரம் இங்கன இருக்கட்டும்ணே. நல்லா பாத்துச் சொல்றேன்" என்றேன். ஸ்பீக்கர்களை அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலையை ஆரம்பித்தேன். ஆம்ப்ளிபயரை அளக்கும்போது ஸ்பீக்கரை மாட்டுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கனமான மின்தடையை மாட்டி, சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து ஒரே சீரான அலையைக் கொடுத்து, மறுபக்கம் வெளியே வருவதைத் திரையில் பார்க்க வேண்டும். அதனால் லேபில் எந்தச் சத்தமும் இருக்காது. மின்தடைதான் கொதிக்கும்.

கம்பெனித் தாளில் பக்கத்துக்குப் பதினைந்து வாட் என்று போட்டிருந்தது. பதினொன்றரையிலேயே அலையின் தலை தட்டையாகிவிட்டது, அதற்கு மேல் செட்டால் முடியவில்லை. அதைப் பெருக்கல் குறி போட்டுக் குறித்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அண்ணன் சொன்னதில் ஏதோ இருக்கிறது, பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அடிச்சத்தம் நாற்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்தது. அந்த விலைக்கு வைக்கிற சின்ன டிரான்ஸ்பார்மரில் அப்படித்தான் இருக்கும். ஐந்து வாட்டில் சிதைவு இரண்டு சதவீதம். வீட்டில் பாட்டு கேட்கிற அளவில் அதில் பாதிகூட இல்லை. சுமாரான செட், ஆனால் நேர்மையான செட்.

அண்ணன் சொன்ன மூன்று குறைகளை மட்டும் காணோம். இடதுக்கும் வலதுக்கும் இருந்த வித்தியாசம் அரை டெசிபலுக்கும் குறைவு, எந்தக் காதும் கண்டுபிடிக்க முடியாதது. ஜால்ராச் சத்தம் இருக்கிற ஐயாயிரம், எட்டாயிரம் ஹெர்ட்ஸில் கோடு மேஜை விளிம்பு மாதிரி நேராகப் போனது. கொய்ங் என்ற சத்தத்துக்குத் தடயமே இல்லை. இருந்ததெல்லாம் கரண்டிலிருந்து வருகிற மெல்லிய உறுமல்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அளந்தேன். வால்வுகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். புதன்கிழமை மூடியைக் கழற்றி ஒவ்வொரு ஈய ஒட்டையும் மரக்குச்சியால் தட்டிப் பார்த்தேன். வியாழக்கிழமை இரண்டு மணி நேரம் சூடேறவிட்டு அளந்தேன். வேறு யாருடைய செட்டாக இருந்தாலும் திங்கட்கிழமையே ரிப்போர்ட் எழுதியிருப்பேன். ஒரு கருவியில் கோளாறு இருந்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த வாரம்தான். ஏனென்றால் புதன்கிழமையே எனக்கு அண்ணன் ஆலையில் நடந்த விபத்து ஞாபகம் வந்துவிட்டது.

அது நடந்து அப்போது நான்கு வருடம். தீபாவளிக்கு முந்தின சீசன். வெடிமருந்து கலக்கிற அறை வெடித்து, பக்கத்து அறையின் சுவரும் கூரையும் விழுந்தன. அண்ணன் முப்பதடி தூரத்தில் நின்றிருந்தார். சட்டை கிழிந்ததோடு சரி. புகைக்குள் போய் மூன்று பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கீறல் இல்லாமல் தப்பினார் என்று ஊரே சொன்னது, நாங்களும் சொன்னோம். மதினி இருக்கன்குடி கோயிலுக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் இரண்டு ஸ்பீக்கர்களோடு வந்தார். "என்ன, எழுதிட்டியா?" என்றார். இன்னும் ஒரு சோதனை பாக்கி என்று சொல்லி, அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னேன். பாட்டு ஓடியது. எனக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தான் கேட்டது.

"எந்தப் பக்கம் கம்மிண்ணே?"

"எடது."

வயர்களைப் பக்கம் மாற்றி மாட்டினேன். கோளாறு செட்டில் இருந்தால் இப்போது வலது பக்கம் குறைய வேண்டும்.

"இப்ப?"

"அதே எடதுதான். என்ன, ஒண்ணும் செய்யலையா நீ?"

பாட்டை நிறுத்திவிட்டு ஜெனரேட்டரை இணைத்தேன். ஆயிரம் ஹெர்ட்ஸில் சங்கு மாதிரி ஒரு சத்தம். கேட்குது என்று தலையாட்டினார். இரண்டாயிரம், தலையாட்டினார். மூவாயிரத்தில் முகத்தைச் சுருக்கி, "லேசா" என்றார். டயலை இன்னும் திருப்பினேன். நாலாயிரத்தைத் தாண்டியதும் எனக்குப் பல் கூசியது. சன்னல் கம்பியில் இருந்த புறா படபடவென்று பறந்தது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அண்ணன், கண்ணை மூடியபடியே.

நான் நிறுத்தவில்லை. வால்யூமைக் கூட்டினேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எல்லாவற்றையும் அணைத்து, செட்டின் பிளக்கைக் கையோடு பிடுங்கினேன்.

"கண்ணத் தொறங்கண்ணே. அந்தக் கொய்ங் இப்ப கேக்குதா?"

"கேக்குதே."

நான் பிளக்கைத் தூக்கிக் காட்டினேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"புதன்கெழமையே. நான் நெனச்சது தப்பா இருக்கணும்னு இருந்தேன்."

"அம்புட்டையும் அளந்துட்டீல. இது எப்ப இருந்து இப்படின்னு ஒன் மிஷின் சொல்லுமா?"

"சொல்லாதுண்ணே. இப்ப எப்படி இருக்குன்னுதான் சொல்லும்."

"அன்னைக்கேதான் இருக்கணும் தாயி. அன்னைக்கேதான்" என்றார். பிறகு, நான்கு வருடமாக மதினியிடம்கூடச் சொல்லாத ஒன்றை அந்த லேபில் உட்கார்ந்து சொன்னார்.

விழுந்த சுவருக்கு அடியில் தாயில்பட்டியிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் இருந்திருக்கிறாள். அவள் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டிருக்கிறாள். அவள் புருஷனுக்கும் அதே ஆலையில்தான் வேலை. கால் முறிந்து எழ முடியாமல் காய வைக்கிற களத்தில் கிடந்தவன் அதைப் பார்த்திருக்கிறான். அண்ணன் அவளைத் தாண்டி இரண்டு முறை போனார், திரும்பவே இல்லை. அவளுடைய பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவன் எல்லோருக்கும் முன்னால், "கூப்பிட்டது காதுல விழுந்தும் விழாத மாதிரி போனீக" என்று சொல்லிவிட்டான்.

"நான் கேக்கலைன்னு சொன்னேன். யாரும் நம்பல. நாளாக ஆக எனக்கே நம்பிக்கை இல்ல. பத்தடி தூரம் தாயி. பத்தடியில கூப்புட்டா எவனுக்குக் கேக்காது? கேட்டிருக்கும், பயத்துல நாந்தான் போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"காது சரியில்லன்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையாண்ணே?"

"தோணுச்சு. காது போனவன எவன் போர்மேனா வைப்பான்? அதான் செட்டு சரியில்லன்னு செட்ட மாத்திக்கிட்டே இருந்தேன்."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. மூடி வைத்திருந்த செட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் கழித்து மதுரையில் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் வைத்துச் சோதித்துவிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். நான் லேபில் போட்டதைப் போலவே அதிலும் கோடுகள். ஆனால் மூவாயிரத்துக்கு மேல் கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கின, இடது காது இன்னும் ஆழத்தில். வெடிச்சத்தத்தால் வந்ததாக இருக்கலாம், வெடித்த கொஞ்ச நேரத்துக்குக் காது மொத்தமாகவே அடைத்துப்போவதும் உண்டு என்றார் டாக்டர். எந்த நாளில் என்று அண்ணன் கேட்டதற்கு அவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தாயில்பட்டிக்குப் போக வேண்டும் என்று அண்ணன் சொன்னார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன்.

இறந்துபோன அந்தப் பெண்ணின் கணவர் வாசலில் தீப்பெட்டி லேபிள் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு காலைத் தாங்கித் தாங்கி எழுந்து, "வாங்க" என்றார். அண்ணன் தாளை நீட்டினார். "எனக்கு காது போச்சுய்யா. அன்னைக்கே போயிருக்கு. நான் வேணும்னு போகல."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். புரியாததால், என்னவென்று என்னைக் கேட்டார். இந்தக் கோடு இறங்குகிற இடத்தில் சத்தம் கேட்காது, வெடித்த கையோடு என்றால் பக்கத்தில் கூப்பிட்டாலும் தெரியாமல் போகலாம் என்று சொன்னேன். அன்றைய நாளை இந்தத் தாள் காட்டாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் அளந்து சொல்கிற பிழைப்பு என்னுடையது, வேறு விதமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் தாளை நான்காக மடித்து அண்ணனிடமே கொடுத்தார்.

"அவ கூப்புட்டது எனக்கு இன்னைக்கும் கேக்குது. ஒங்களுக்குக் கேக்கலன்னா சரிங்க அண்ணாச்சி. நானும் அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு வந்தோம். அண்ணன் எதிர்பார்த்துப் போனது அதுவா, அதைவிடக் குறைவா என்று நான் கேட்கவில்லை.

அந்த மாதமே அண்ணன் போர்மேன் வேலையை விட்டுவிட்டார். முதலாளி இருக்கச் சொன்னாராம். "கத்துனா கேக்காதவன் அங்கன நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். சிவகாசியில் ஒரு அச்சாபீசில் லோடு பார்த்து ஏற்றிவிடுகிற வேலை கிடைத்தது. காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அதில் பாட்டு தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று விசேஷங்களுக்கு மட்டும் மாட்டிக்கொண்டார். பாட்டு கேட்பது தானாகக் குறைந்து, பிறகு நின்றேவிட்டது.

மதினி என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார நேர்ந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"செட்டு சரியில்லன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தாக. தெனமும் எதையாவது திருகிக்கிட்டு, திட்டிக்கிட்டு, ஆனாலும் பாட்ட வச்சுக்கிட்டு இருந்தாக. நீ ஒரு வால்வு வீக்குன்னு சொல்லி அனுப்பியிருந்தா என்ன?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் அண்ணன், பக்கத்தில் இருந்தவர் சொல்வதைக் கேட்க வலது காதைத் திருப்பிக்கொண்டு சாய்ந்திருந்தார். சாம்பார் வாளியோடு வந்தவர் இரண்டு முறை கேட்டும் நான் பதில் சொல்லாததால், மதினிதான் எனக்கும் சேர்த்து, "ஊத்துங்க" என்றார்.