நுகாதாவின் கட்டைவிரல்

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நுகாதாவின் மனைவி போன் செய்தாள்.

"கேப்டன், இவரு போயிட்டாருங்க. தூக்கத்துலயே."

புருஷன் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். கல்லூரி முடிந்து முப்பது வருஷம் ஆகிறது. நான் கேப்டனாக இருந்த சுமோ அணியே இப்போது இல்லை.

நுகாதா சுமோவுக்கென்று வந்தவன் அல்ல, சாப்பாட்டுக்கு வந்தவன். ஜப்பானின் வடக்கே ஆவோமோரியில் எங்கள் பல்கலைக்கழக சுமோ மன்றத்தில் நானும் தோசாகாவும் மட்டுமே மிச்சம். குழுப் போட்டிக்கு மூன்று பேர் வேண்டும். பயிற்சிக் கூடத்தில் கோழியும் முட்டைக்கோஸும் கொதிக்கிற வாசனை பிடித்து, பக்கத்து விடுதியிலிருந்து ஒரு மலை வந்து வாசலில் நின்றது.

"சாப்பிட மட்டும் வரலாமாங்க?"

"முதல்ல இவனைத் தள்ளு. அப்புறம் சாப்பிடு," என்றேன் தோசாகாவைக் காட்டி.

"எனக்கு ஆளைத் தள்ளவெல்லாம் வராதுங்க."

"அப்ப பஸ்ல எப்படிடா ஏறுற?" என்றான் தோசாகா.

"எல்லாரும் தானா வழி விட்டுடுவாங்க."

தினமும் முனகிக்கொண்டே வந்தான். மோதும் ஒவ்வொரு முறையும் "மன்னிச்சுக்குங்க" என்பான். "மன்னிப்பையெல்லாம் குளிக்கும்போது கேளுடா!" என்று தோசாகா கத்துவான்.

இலையுதிர் காலப் போட்டியில் ஒரு சுற்றாவது ஜெயிக்காவிட்டால் கூடத்தைப் பூட்டிவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. நான் ஜெயித்தேன், தோசாகா தோற்றான். கடைசி ஆள் நுகாதா. அன்றுதான் முதல்முறையாக மன்னிப்புக் கேட்காமல் தள்ளினான். எதிராளி வளையத்தின் வைக்கோல் விளிம்பில் தள்ளாடினான். இன்னும் ஒரு மூச்சு போதும். அந்த வேகத்தில் நுகாதாவின் கால் கட்டைவிரல் முந்திக்கொண்டு வளையத்துக்கு வெளியே மணலில் பட்டுவிட்டது. நடுவர் குனிந்து தடத்தைக் காட்டினார்; முதலில் வெளியே பட்டவன்தான் தோற்றவன். ஜெயிக்கிற வேகத்தில் இப்படித் தோற்பதை சுமோவில் ஆவேசக்கால் என்பார்கள். அதற்காக யாரும் யாரையும் திட்டுவதில்லை.

திரும்பும் பஸ்ஸில் மெல்லச் சொன்னான். "கேப்டன், நான் தள்ளாமலே நின்னிருக்கலாம்."

"நின்னிருந்தா விழுந்திருப்படா, மடையா."

அவன் சிரிக்கவில்லை. அந்த மாதமே கூடத்தைப் பூட்டினார்கள்.

பிறகு ஆப்பிள் கூட்டுறவுக் கிடங்கில் வேலை பார்த்தான், கல்யாணம் செய்துகொண்டான், மகளைப் படிக்கவைத்தான். கோயில் திருவிழாவில் பிள்ளைகளின் சுமோ நடக்கும்போதுகூட வளையத்தின் பக்கம் வரமாட்டான். தூரத்தில், வாட்டிய கணவாய் மீன் விற்கும் கடையோரம் நிற்பான். வருஷா வருஷம் கூப்பிட்டேன். "கால் சரியில்ல கேப்டன்," என்பான். கால் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கட்டைவிரலுக்காக ஒருவன் இத்தனை வருஷம் ஒதுங்கி நிற்பானா என்று எனக்கு மனசு ஆறவே இல்லை.

இந்த வசந்தத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புது வளையம் போட ஆள் கேட்டார்கள். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, நான் கூப்பிடாமலே வந்தான். லாரி கொட்டிய களிமண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"கட்டிய உடைச்சுச் சலிச்சுக் குடுத்துட்டுப் போயிடுறேன். உள்ளயெல்லாம் நிக்க மாட்டேன்."

"உள்ள நிக்காம மண்ணை எப்படிடா மிதிச்சு இறுக்குறது?"

மண்வெட்டியால் நாலைந்து கட்டிகளைத் தட்டி உடைத்தான்.

"சரி. ஞாயித்துக்கிழமை மிதிப்போம், கேப்டன். நானும் வளையத்துல ஏறுறேன்."

களிமண்ணில் பாதியைச் சலித்திருக்கிறான். மீதி கட்டிகட்டியாகத் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறது.