உத்திராபதியின் இடது மார்பு

முதுநகரில் எங்கள் ஜிம் ஓர் ஓட்டுக் கொட்டகைதான். தம்பெல்ஸ் எல்லாம் சிமெண்டில் வார்த்தவை. தொண்ணூறுகளில் அங்கே உத்திராபதி சட்டையைக் கழற்றினால் நாங்கள் எல்லாரும் எங்கள் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வோம். அப்படி ஒரு மார்பு! ஆணழகன் போட்டி மேடைக்குக் கீழே நின்று நான்தான் போஸ் பெயரைக் கத்துவேன். "சைடு செஸ்ட்!" என்றதும் டக்கென்று திரும்பி நிற்பான். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு விம்முகிறது. இத்தனைக்கும் நான் கடைசிவரை ஒல்லிக்குச்சி.

நாற்பத்தாறு வயதில் அவனுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆண்களுக்கும் வரும் என்று சொன்ன டாக்டரை முறைத்தான். பெண்கள் மட்டுமே காத்திருந்த வரிசையில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம், "வண்டியிலேருந்து வுழுந்துட்டேன்" என்றான். அதற்கப்புறம் ஏழு வருஷம், வீட்டில்கூட பனியனைக் கழற்றவில்லை.

கல்யாண நாளுக்கு மட்டும் அவனும் மனைவி மலர்க்கொடியும் தவறாமல் சிதம்பரம் கோயிலுக்குப் போவார்கள். நானும் கூடப் போவேன். கனகசபையில் ஏற ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அதனால் அவன் கீழேயே நிற்பான், துணைக்கு நான். மலர்க்கொடி தனியாக ஏறிக் கும்பிட்டு வருவாள். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து ஏறியதைப் பேசிப் பேசி மாய்ந்துபோவாள்.

போன வருஷம் சிதம்பரத்தில் சுவேதா என்ற பெண் ஒரு நிகழ்த்துகலை நடத்தினாள். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து, பேசாமல், தங்கள் உடம்பைக் காட்டி நிற்க வேண்டும். இதெல்லாம் ஒரு கலையா என்று எனக்கு எரிச்சல். உத்திராபதியோ தானாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டான்.

"நாளைக்குக் கல்யாண நாளு மச்சான். இன்னிக்கு இங்க கழட்டிட்டேன்னா, நாளைக்குக் கோயில்லயும் கழட்டிடுவேன்."

மேடைக்குப் பனியனோடு வந்தான். அதன் நுனியைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். முன்வரிசையில் ஒருவர் செல்போனை எடுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று பழைய தொண்டையில் கத்தினேன்: "சைடு செஸ்ட்!"

பனியன் தரையில் கிடந்தது. பழக்க தோஷத்தில் வலது பக்கத்தைக் காட்டினான். கைதட்டினார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, மெதுவாக இடது பக்கம் திரும்பித் தழும்பைக் காட்டி நின்றான். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை, கனகசபைப் படியருகே சட்டையைக் கழற்றி மலர்க்கொடியிடம் கொடுத்தான். அவள் அதை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவனுக்குத் துணையாகத்தான் கீழே நிற்பதாகச் சொல்லி வந்த ஒல்லிக்குச்சி நான்.

"ஒங்களுதையும் குடுங்கண்ணே" என்று கை நீட்டினாள்.